ஓடாத காரின் தோல் சீட்டுகள்

அந்த மழைக்காலம் முழுவதும் நான் ஓடாத ஒரு காரின் சீட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பேர் என்னவோ டிரைவர்தான். என் பிள்ளைகள் கேட்டபோதெல்லாம் இதை வேடிக்கையாகப் பாதிதான் சொல்லியிருக்கிறேன். மீதிப் பாதியில் வேடிக்கை எதுவும் இல்லை.

பகாவிலிருந்து உள்ளே போகும் செம்மண் சாலையில், காட்டை ஒட்டி இருந்தது எங்கள் ரப்பர் தோட்டம். மலாயாவில் வெள்ளைக்காரனும் கம்யூனிஸ்டுகளும் சண்டை போட்ட எமர்ஜென்சி காலம். அங்கங்கே சிதறியிருந்த தொழிலாளர் வரிசைவீடுகளான லயங்களைப் பிரித்து, ஒரே இடத்தில் நெருக்கிக் கட்டி, சுற்றிலும் முள்கம்பி போட்டிருந்தார்கள். காலையில் கேட்டைத் திறந்தால் பால்மரம் வெட்டப் போகலாம், பட்டையைக் கீறிப் பால் எடுக்க. வேலை முடிந்து திரும்பினால் மறுநாள் காலைவரை கம்பிக்கு உள்ளேதான். வெளியே போகிறவர்கள் ஒரு பிடி அரிசிகூடக் கையில் வைத்திருக்கக் கூடாது. காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அது போய்விடும் என்பதால் ஆளாளுக்குச் சோதனை போட்டு அனுப்பினார்கள். தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரையின் பங்களா மேட்டில் தனியாக இருந்தது. அதற்கு வேறு முள்கம்பி, வேறு கேட்டு, வேறு காவல்.

நான் துரையின் டிரைவர். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் மனைவி மரம் வெட்டப் போவாள். நாங்கள் இருந்த லயத்து வீட்டுக்கு எதிர்வீட்டில் ஒரு புருஷன் பெண்டாட்டி. சொந்தம் இல்லை, ஆனால் அண்ணன், அண்ணி என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் கல்யாணத்தில் அண்ணன்தான் மாப்பிள்ளைத் தோழன் மாதிரி ஓடியாடி எல்லாம் செய்தார்.

கார் பச்சை நிறம், இங்கிலீஷ் கார். உள்ளே சீட்டெல்லாம் தோல். பழுத்த பாக்கின் நிறம். முன்பெல்லாம் துரை கண்ணாடியை இறக்கிவிட்டுச் சுருட்டுப் பிடித்தபடி வருவார். பக்கத்துத் தோட்டத்துத் துரையைச் சுட்டுவிட்டார்கள் என்று செய்தி வந்த பிறகு, கதவுகளுக்கு உட்புறம் இரும்புத் தகடு அடித்தார்கள். ஜன்னல்களையும் தகடு வைத்து மூடி, பார்ப்பதற்கு ஒரு கோடு மட்டும் விட்டார்கள். எனக்கு முன்னால் கையகல இடைவெளி. வெயிலில் அதற்குள் உட்கார்ந்தால் அடுப்பங்கரையில் அடைத்துவைத்த மாதிரி இருக்கும். சட்டை நனைந்து முதுகு சீட்டுத் தோலோடு ஒட்டிக்கொள்ளும்.

ஒரு நாள் சாயங்காலம் தண்ணீர்க் குழாயடியில் குளித்துக்கொண்டிருந்தேன். எதிர்வீட்டு அண்ணன் வாளியோடு வந்து பக்கத்தில் நின்றார். வேறு ஆள் இல்லை என்று பார்த்துக்கொண்டு பேசினார்.

"தம்பி, ஒண்ணு கேக்கச் சொன்னாங்க. கேக்குறேன். சனிக்கெழம தொரை சிரம்பானுக்குப் போறப்ப பழைய ரோட்டுல போவாரா, புது ரோட்டுலயா?"

"யாருண்ணே கேக்கச் சொன்னது?"

"என்னா லா தெரியாத மாதிரி கேக்குற. எனக்குக் காட்டோரத்து மர நிரை. மரம் வெட்டிக்கிட்டு நிக்கிறப்ப காட்டுக்காரனுங்க பின்னால வந்து நிக்கிறானுங்க. கையில துப்பாக்கி. இல்லன்னு எப்படிச் சொல்றது?"

சோப்பு கண்ணில் எரிந்தது. ஒரு குவளைத் தண்ணீரை முகத்தில் ஊற்றிக்கொண்டேன்.

"நீ எனக்குச் சொல்லவே வேணாம்," என்றார். "தொரை கடைசி நிமிசத்துலதான் வழிய சொல்வாருன்னு நான் சொல்லிக்கிறேன். ஆனா சனிக்கெழம நீ ஓட்டாத. வயித்து வலின்னு படுத்துக்க."

அவர் போன பிறகும் நான் ஈரத்தோடு அங்கேயே நின்றேன். நான் படுத்துக்கொண்டால் லாரி டிரைவரைக் கூப்பிடுவார்கள். அவனுக்கு நான்கு பிள்ளைகள். போலீஸில் சொன்னால் அண்ணனைப் பிடிப்பார்கள். அப்படிப் பிடித்தவர்களில் சிலரைக் கப்பலேற்றி இந்தியாவுக்கே அனுப்பிவிட்டார்கள் என்று பேச்சு. எதுவும் சொல்லாமல் காரை ஓட்டினால் நானும் அந்தத் தகட்டுக்குள்ளேயே. எப்படிப் புரட்டிப் பார்த்தாலும் யாராவது ஒருவர் சாகிற கணக்காக இருந்தது.

மறுநாள் காலையில் பங்களாவுக்குப் போய், சனிக்கிழமை வழியில் துப்பாக்கியோடு ஆள் காத்திருக்கும் என்று துரையிடம் சொன்னேன்.

துரை தமிழ் பேசுவார். தோட்டத்தில் கற்றுக்கொண்ட தமிழ். யாரிடமும் நீ, வா, போ என்றுதான் பேசுவார். கேட்டுவிட்டுக் கார்க் கொட்டகையின் கதவைச் சாத்தினார்.

"யார் சொன்னான்?"

"அத சொல்ல முடியாதுங்க தொரை."

"போலீஸ் கேட்டா?"

"அப்பவும் முடியாதுங்க."

அடிப்பார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. "நீ கீழே போனா அவன் உன்னைக் கேப்பான்," என்றார். "நான் போலீஸுக்குச் சொன்னா போலீஸ் உன்னைக் கேப்பான். ரெண்டும் வேணாம். நீ இங்கே இரு."

"எத்தன நாளைக்குங்க?"

"இது முடியற வரைக்கும்."

கொட்டகையை ஒட்டி டயர்களும் பழைய சாமான்களும் போட்டிருந்த ஓர் அறையைக் காலி செய்து கொடுத்தார்கள். என் பாயும் இரண்டு சட்டையும் லயத்திலிருந்து மேலே வந்தன. அந்தச் சனிக்கிழமை கார் போகவில்லை. பழைய ரோட்டு வளைவில் யாராவது காத்திருந்தார்களா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அடுத்த வாரமும் போகவில்லை. அதற்குப் பிறகு துரை கம்பியைத் தாண்டுவதையே நிறுத்திவிட்டார். தோட்டத்து வேலையைக் கணக்கு எழுதும் கிராணி வந்து சொல்லிவிட்டுப் போவார். தபாலும் சாமான்களும் போலீஸ் லாரியில் வரும்.

மழை பிடித்துக்கொண்டது. சில நாட்கள் கழித்துக் காரின் பின்கதவைத் திறந்தேன். ஈரப் பாயைச் சுருட்டி வைத்த மாதிரி ஒரு வாடை முகத்தில் அடித்தது. சீட்டின் மேல் வெள்ளையும் பச்சையுமாகப் பூஞ்சணம் பூத்திருந்தது. தையல் ஓடும் இடங்களில் இன்னும் தடிப்பாக. தோல் வேர்வையின் உப்பைக் குடித்து அங்கங்கே வரிவரியாக வெடிக்கத் தொடங்கியிருந்தது. துரையைக் கூட்டிவந்து காட்டினேன். "சுத்தம் பண்ணு," என்றார். செய்ய வேறு வேலையும் இல்லை.

எனக்கு இஞ்சின் தெரியும், தோல் தெரியாது. முதலில் வாளித் தண்ணீரில் துணியை முக்கி நன்றாகக் கழுவினேன். காய்ந்ததும் தோல் அப்பளம் மாதிரி விறைத்துப்போனது. சரி, தலைக்கு வைப்பது போலத்தானே என்று தேங்காய் எண்ணெயைத் தடவினேன். இரண்டு நாள் பளபளப்பாக இருந்தது. மூன்றாம் நாள் எறும்பு வரிசை. அதற்குப் பின்னால் முன்னைவிட அடர்த்தியாகப் பூஞ்சணம், கூடவே காறல் வாடை. துரை வந்து பார்த்து, இங்கிலீஷில் ஏதோ திட்டிவிட்டு, சிரம்பானிலிருந்து குதிரைச் சேணத்துக்குப் போடும் சோப்பும் ஒரு டின் எண்ணெயும் வரவழைத்தார். அவர் சின்ன வயதில் குதிரை வைத்திருந்தாராம். சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு அவரே ஒரு மூலையில் செய்து காட்டினார்.

முதலில் மெல்லிய பிரஷ்ஷால் தையல் பள்ளங்களில் இருக்கும் தூசியைத் தட்ட வேண்டும். பூஞ்சணத்தை வினிகரில் நனைத்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும், தேய்த்தால் பரவும். சோப்பில் நுரையை மட்டும் எடுத்து, தண்ணீர் சொட்டாத துணியால் வட்டமாகத் துடைக்க வேண்டும். உடனே காய்ந்த துணியால் நுரையை எடுத்துவிட வேண்டும். வெயிலில் வைக்கக் கூடாது. கதவுகளைத் திறந்துபோட்டு நிழலில் ஆற விட வேண்டும். ஈரம் போனதும் எண்ணெய். துளித்துளியாகத் துணியில் விட்டு, தோல் எவ்வளவு குடிக்கிறதோ அவ்வளவு மட்டும். அதிகமானால் உட்காருகிறவரின் கால்சட்டையில் வரும். மறுநாள் கம்பளித் துணியால் மெருகு ஏற்ற வேண்டும். இவ்வளவும் செய்து முடித்தால் மழைக்கு அடுத்த வாரமே மறுபடி பூக்கும். மறுபடி பிரஷ்.

எண்ணெய் என்ன எண்ணெய் என்று ஒரு நாள் கேட்டேன். துரை சிரித்தார். "மாட்டுக் கால் வேக வைப்பான். மேலே வரும் எண்ணெய். மாட்டுத் தோலுக்கு மாட்டு எண்ணெய்." அன்று சாப்பாட்டுத் தட்டின் முன்னால் உட்கார்ந்து கையையே பார்த்துக்கொண்டிருந்தேன். சாம்பல் போட்டுத் தேய்த்தும் வாடை போகவில்லை. வெள்ளிக்கிழமைகளில் திருநீறு எடுக்கும் கை. சீட்டுத் தோல் எதில் வந்தது என்பது அதுவரை எனக்குத் தோன்றாமல் இருந்ததும் வேடிக்கைதான். பிறகு சாப்பிட்டேன். வேறு என்ன செய்ய?

துரைக்கு ஒரு பழக்கம் வந்தது. மத்தியானம் மூன்று மணி வாக்கில் கொட்டகைக்கு வந்து, பின்சீட்டில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். வேலைக்காரர் தேநீரும் பிஸ்கட்டும் கொண்டுவந்து அந்தக் கோட்டு ஜன்னல் வழியாகக் கொடுப்பார். பங்களாவில் எல்லாப் பக்கமும் கண்ணாடி ஜன்னல். அந்த இரும்புத் தகட்டுக்குள் உட்கார்ந்தால்தான் அவருக்கு மூச்சு சீராக வந்தது என்று நினைக்கிறேன். சில நாள் என்னையும் முன்னால் உட்காரச் சொல்வார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, கொட்டகையின் பலகைச் சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பின்னால் அவர் பிஸ்கட் கடிக்கிற சத்தம் கேட்கும். ஒருமுறை "ஓட்டு," என்றார். திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடியிருந்தார். நான் சாவியைத் தொடவில்லை. அவர் இறங்கிப் போன பிறகு, தையலுக்குள் சிக்கிய பிஸ்கட் தூளை ஈர்க்குச்சியால் நோண்டி எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகலில் என் மனைவியை மேட்டுக் கம்பிவரை வர விட்டார்கள். காவலுக்கு நின்ற மலாய்க்காரப் பையன் நல்லவன். எங்களைப் பார்த்ததும் அந்தப் பக்கம் திரும்பி நின்றுகொள்வான்.

முதல் தடவை அவள் அழுதாள். இரண்டாம் தடவை கோபித்தாள்.

"கட்டிக்கிட்ட ஆம்பள கண்ணுக்கு முன்னால இருக்காரு. தொட முடியல. செயில்லகூட இப்படி இல்லன்னு சொல்றாங்க."

"நான் என்னா செய்ய? வுட மாட்டேங்கிறாரு."

"ஏன் வுட மாட்டேங்கிறாரு? லயத்துல கேக்குறாங்க, நான் என்னா சொல்லட்டும்? தொரைக்குக் காட்டிக் குடுக்குற ஆளா ஆயிட்டாருன்னு பேசிக்கிறாங்க. கொழாயடியில நான் போனா எல்லாரும் வாளிய தூக்கிட்டுப் போயிடுறாங்க."

காரணத்தை அவளிடம் சொல்ல முடியவில்லை. அவளுக்குத் தெரிந்தால் அவளையும் கேட்பார்கள், இந்தப் பக்கத்து ஆளும் கேட்பான், அந்தப் பக்கத்து ஆளும் கேட்பான். கம்பி வழியாகக் கையை நீட்டினேன். பிடித்தவள் முகம் சுளித்து, "என்னா இது வாடை?" என்றாள்.

அதற்குப் பிறகு ஒரு காலையில் கீழே லயத்து கேட்டில் விசில் சத்தமும் நாய் குரைப்பும் கேட்டன. மேட்டிலிருந்து பார்த்தேன். போலீஸ் லாரி நின்றது, யாரையோ ஏற்றினார்கள், போய்விட்டது. யார் என்று தெரியவில்லை. தெரிந்துகொள்ள ஞாயிற்றுக்கிழமைவரை காத்திருக்க வேண்டியிருந்தது.

என் மனைவி கம்பியருகே வந்ததும் உட்காரவில்லை.

"எதிர்வீட்டு அண்ணன பிடிச்சிட்டுப் போயிட்டாங்க. பால்வாளிக்கு அடியில அரிசி வச்சிருந்தாராம். அண்ணி நம்ம வீட்டு வாசல்ல வந்து மண்ண வாரிப் போட்டுட்டுப் போயிருக்காங்க." பிறகு என் கண்ணைப் பார்த்துக் கேட்டாள். "நீங்க சொன்னீங்களா?"

"இல்ல."

"எம் மேல சத்தியமா?"

"உம் மேல சத்தியமா. அண்ணன் எனக்கு உசிரு குடுத்தவரு. வேற எதுவும் கேக்காத."

"சரி, நான் நம்புறேன்," என்றாள். "ஆனா நான் மட்டும் நம்பி என்னா செய்யிறது?"

அன்று துரையிடம் போய், கீழே போகிறேன், என்ன ஆனாலும் ஆகட்டும் என்றேன். அவர் தலையசைத்தார், முடியாது என்று. கேட்டுக்குப் போனேன். அந்த நல்ல பையன் துப்பாக்கியைக் குறுக்கே வைத்து, "தா போலே, பாங்," என்றான், முடியாது அண்ணே என்று. விடக் கூடாது என்று உத்தரவாம். அவனுக்கே அழுகை வந்துவிடும் போல இருந்தது. திரும்பி வந்து காரில் ஏறி, பின்சீட்டை வெறி பிடித்த மாதிரித் தேய்த்தேன். துணியில் சிவப்பாக வருவதைப் பார்த்துத்தான் நிறுத்தினேன். தோலின் சாயம். கையகலத்துக்கு வெளுத்துவிட்டது. அந்த இடத்தின் மேல் தலையை வைத்துப் படுத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் என்னை யாராவது சிறைக்கு அனுப்புகிறேன் என்றிருந்தால் சந்தோஷமாகப் போயிருப்பேன். அங்கே குற்றம் என்ன என்றாவது சொல்வார்கள்.

துரைக்கு அதற்குப் பிறகு உடம்பு மோசமானது. கை நடுக்கம், சாப்பாடு இறங்கவில்லை, சில நாள் காரைவிட்டு இறங்கவே மாட்டேன் என்றார். ஒரு வெள்ளைக்கார டாக்டர் போலீஸ் வண்டியில் வந்து பார்த்துவிட்டு, ஊருக்கே அனுப்பிவிட வேண்டும் என்று சொல்லிவிட்டார். போகும் நாள் காலையில் இரண்டு கவச வண்டிகள் பங்களா வாசலில் வந்து நின்றன. துரை அதில் ஒன்றில் போவார். கார் சிரம்பானில் உள்ள கம்பெனி ஆபீஸுக்குப் போக வேண்டும். நான் அதை நடுவில் ஓட்டிக்கொண்டு போய் விட்டுவிட்டு, போலீஸ் வண்டியிலேயே தோட்டத்துக்குத் திரும்ப வேண்டும்.

எல்லோரும் ஏறிய பிறகும் நான் காருக்கு வெளியே நின்றேன்.

"என்ன?" என்றார் துரை.

"எம் பொண்டாட்டி இல்லாம இந்தக் காரு நகராதுங்க தொரை."

போலீஸ் அதிகாரி வண்டியிலிருந்து இறங்கி வந்தார். சாவியைக் கைக்குள் இறுக்கிப் பிடித்திருந்தேன். துரை அவரைக் கையமர்த்திவிட்டு என்னைப் பார்த்தார். கண் குழிக்குள் போயிருந்தது. "ஏத்திக்கோ," என்றார். "நீயும் திரும்பி வராதே."

கீழே லயத்து கேட்டில் வண்டிகள் நின்றன. ஆள் அனுப்பி என் மனைவியைக் கூப்பிட்டார்கள். ஒரு துணி மூட்டையோடு ஓடி வந்தாள். அவள் பின்னாலேயே அண்ணியும் வந்தார். இளைத்துப் போயிருந்தார்.

"சிரம்பானுக்கா போறீங்க?" என்று என் மனைவியைப் பார்த்துக் கேட்டார். "அவர அங்கதான் வச்சிருக்காங்களாம். என்னையும் ஏத்திக்கச் சொல்லு."

என்னைப் பார்க்கவில்லை. கேட்டில் நின்ற காவலர் மலாயில், "இது யார்?" என்று கேட்டார். "என் அக்கா," என்றேன். அவர் துரையின் வண்டியைப் பார்த்தார், பிறகு கதவைத் திறந்துவிட்டார்.

இரண்டு பேரும் பின்சீட்டில் ஏறினார்கள். என் மனைவி விளிம்பில், அழுக்காகிவிடும் என்கிற மாதிரி, பாதி உட்கார்ந்தாள். அண்ணி நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, தோலை உள்ளங்கையால் ஒரு தடவை தடவினார்.

"இதத்தான் நாள் பூரா தேச்சுக்கிட்டு இருந்தியா?"

என்னோடு பேசுகிறார் என்பது புரியவே சற்று நேரமானது. "ஆமாண்ணி," என்றேன்.

பழைய ரோட்டில்தான் போனார்கள். வளைவு வந்தபோது என் கழுத்துப் பின்னால் வேர்த்தது. எதுவும் நடக்கவில்லை. மரங்கள், அவற்றில் கட்டிய பால் மங்குகள், மழைத் தண்ணீர் தேங்கிய குழிகள். கோலப்பிலா தாண்டி மலைப்பாதை ஏறும்போது அண்ணி கேட்டார்:

"நீ சொன்னியா?"

"இல்லண்ணி."

தகட்டுக் கோட்டின் வழியே எனக்கு முன்னால் போகும் வண்டி மட்டும்தான் தெரிந்தது. திரும்பிப் பார்க்க முடியாது. சிரம்பான் போய்ச் சேரும்வரை பின்னாலிருந்து மூச்சுச் சத்தம்கூட வரவில்லை.

அண்ணனைப் பார்க்க விடவில்லை. வேறு முகாமுக்கு மாற்றிவிட்டோம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். என் மனைவி கூடவே போய் பஸ் நிலையத்தில் அண்ணியை ஏற்றிவிட்டு வந்தாள். நாங்கள் தோட்டத்துக்குத் திரும்பவில்லை. துரை போகும்போது கம்பெனி ஆபீஸில் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போயிருந்தார்; அங்கேயே லாரி ஓட்டும் வேலை கிடைத்தது. சிரம்பானை ஒட்டிய அம்பாங்கானில் ஒரு பலகை வீட்டின் பாதியை வாடகைக்கு எடுத்தோம். முதல் சில வாரங்கள் நான் சாயங்காலமானால் காரணமில்லாமல் வெளியே போய் ரோட்டின் கடைசிவரை நடந்துவிட்டுத் திரும்புவேன். யாரும் தடுக்கவில்லை என்பதைப் பார்த்துவிட்டு வந்தால்தான் தூக்கம் வந்தது.

சில வருஷங்கள் கழித்து ஒரு மத்தியானம் அண்ணன் வாசலில் வந்து நின்றார். தலை முழுக்க நரைத்திருந்தது. அவரை விட்டுவிட்டார்கள். கெமாஸில் ரயில்வே தண்டவாள வேலைக்குப் போயிருந்தார். என் மனைவி காப்பி கொண்டுவந்து வைத்தாள். எனக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவரே ஆரம்பித்தார்.

"ஒம் பேரு அங்க ஒரு தடவகூட வரல தம்பி. எப்படி மாட்டுனேன் தெரியுமா? வாளிக்கு அடியில ரெண்டு தட்டு வச்சு, நடுவுல அரிசி. கீழ்த் தட்டுல ஈயம் பத்த வச்சது வுட்டுப்போச்சு. லயத்துலேர்ந்து கேட்டு வரைக்கும் நான் நடந்த வழியெல்லாம் அரிசி. போலீஸ்காரன் குனிஞ்சு பொறுக்கிக்கிட்டே வந்து எங் கால்ல நின்னான்." சொல்லிவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிக்க வரவில்லை.

"அண்ணிகிட்ட சொன்னீங்களா?"

"சொன்னேன் லா. நம்புறா. நம்பாமலும் இருக்கா." காப்பியை ஆற்றிக் குடித்தார். "தனியா கெடந்த அத்தன வருசத்துல அவளுக்குக் கோவிச்சுக்க ஒரு ஆளு வேண்டியிருந்துச்சு. போலீஸ கோவிச்சுக்க முடியுமா? காட்டுக்காரன கோவிச்சுக்க முடியுமா? நீதான் கெடச்ச. இப்ப வுட முடியல."

கெமாஸ் பஸ்ஸுக்கு அவரைக் கொண்டுபோய் விட்டேன். அதற்குப் பிறகு தீபாவளிக்குத் தீபாவளி வருவார், தனியாக.

அண்ணி என் மகள் கல்யாணத்துக்கு வந்தார். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டார். மணமக்களுக்குத் திருநீறு பூசினார். என்னிடம் ஒரு வார்த்தையும் பேசவில்லை. என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு, மண்டபத்தில் நாற்காலிகளை அடுக்கத் தொடங்கும்வரை உட்கார்ந்திருந்தார்.